பிணம் எழுந்து சிரித்தாக வேண்டும்

இயக்குநர் தணிகைவேல் யாருக்கும் நன்றி சொல்லிப் பழக்கமில்லாதவர். விருது வாங்கிய மேடையிலேயே ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப லேட்டா குடுத்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கியவர். அவர் படங்களில் நடித்த பேய்கள்கூட அவரைக் கண்டால் ஒதுங்கி நிற்கும் என்று படப்பிடிப்புத் தளத்தில் சொல்லிச் சிரிப்பார்கள். அவர் காதுக்கு எட்டாத தூரத்தில் நின்றுதான்.

ஆனால் பேய்க்கு மவுசு குறைந்துவிட்ட காலம் அது. வீட்டுக்கு வீடு மனித உருவத்தில் ரோபோ வந்துவிட்டது. பாத்திரம் துலக்கியது, துணி மடித்தது, வயசாளிகளுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தது. பகலெல்லாம் அதை அதட்டி வேலை வாங்கிய ஜனங்கள், படுக்கப் போகும்போது அது நிற்கும் மூலையை ஒரு தடவை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஓரக்கண் பார்வையைத் தணிகைவேல் கவனித்துவிட்டார். பயம் இருக்கும் இடத்தில் வசூல் இருக்கும் என்பது அவருடைய ஆத்திசூடி.

படத்துக்குப் பெயர் 'வீட்டோடு எமன்'. பெரிய பங்களா. சோபாவில் உட்கார்ந்து ஒருத்தி தனியாக அழுகிறாள். வீட்டு ரோபோ வந்து கழுத்தை நெரிக்கிறது. அவளுக்குப் பிறகு இன்னொருத்தி, பிறகு இன்னொருத்தி. கதை அவ்வளவுதான். அதற்கு மேல் கதை கேட்கிறவனுக்குப் படம் பார்க்கத் தெரியாது என்று சொல்லிவிட்டார்.

எமனாக நடிக்க ரோபோவை வெளியே தேடவில்லை. அவர் வீட்டிலேயே சொக்கன் இருந்தது. எதிர் பிளாட்டில் ஒன்று வாங்கினார்கள் என்பதற்காக வாங்கியது. அதற்கு அந்தப் பெயரை வைத்தவள் அவர் மனைவி அரசி. பெயர் வைத்ததோடு சரி. வீட்டில் யாரும் அதன் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. அந்த வீட்டில் மனிதர்களே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசி நாளாகியிருந்தது.

சொக்கனைப் படத்துக்குத் தயார் செய்ய, அதைத் தயாரித்த கம்பெனியிலிருந்து பர்ஹானா என்ற பொறியாளர் வந்தாள். முப்பது வயதிருக்கும். எதையும் நிதானமாக, திருப்பித் திருப்பிச் சொல்லும் பெண். அதனாலேயே தணிகைவேலுக்கு அவளைப் பிடிக்கவில்லை. அவர் கேட்டதெல்லாம் எளிமையான விஷயங்கள். படத்தில் அழுகிறவள் 'நிறுத்து நிறுத்து' என்று கத்துவாள். எந்த வீட்டு ரோபோவும் அந்தச் சொல்லைக் கேட்டால் நின்றுவிடும். அதனால் அதை எடுத்துவிட வேண்டும். கதை வெளியே கசிந்துவிடக் கூடாது. அதனால் கம்பெனியோடு அதற்கு இருக்கும் தொடர்பைத் துண்டித்துவிட வேண்டும். பிடி நிஜமான பிடியாக இருக்க வேண்டும். அதனால் நடிகை கழுத்தில் தோல் நிறத்தில் கெட்டியான பட்டை ஒன்று கட்டிக்கொள்வாள், இது தைரியமாக அழுத்தலாம்.

பர்ஹானா தன் மேலதிகாரிகளிடம் கேட்டு, படப்பிடிப்பு முடிகிறவரை சொக்கன் தளத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்ற நிபந்தனையோடு எல்லாவற்றையும் செய்து கொடுத்தாள். பிறகு தன் பங்குக்கு ஒன்று கேட்டாள்.

"சார், இது நாம சொல்றத வெச்சுக் கத்துக்கறதில்ல. ஒரு வேலை முடிஞ்சதும் எதிர்ல இருக்கறவங்க முகம் எப்படி இருக்குன்னு பார்க்கும். முகம் மலர்ந்தா அது நல்ல வேலை. சுளிச்சா கெட்ட வேலை. அவ்வளவுதான் அதோட நியாயம்."

"நல்ல நியாயம்தான். என் பொண்டாட்டியும் அப்படித்தான்" என்றார் தணிகைவேல். சுற்றி நின்ற உதவி இயக்குநர்கள் சம்பளத்துக்கு ஏற்றபடி சிரித்தார்கள்.

"அதனால ஒவ்வொரு தடவை கழுத்தைப் பிடிச்சு முடிச்சதும் அந்த நடிகை கொஞ்சம் முகம் சுளிக்கணும் சார். வலிக்குதுன்னு காட்டணும். ஒரு நிமிஷம் போதும். இல்லன்னா இது நல்ல வேலைன்னு அதுக்குள்ள பதிஞ்சிடும்."

"ஏம்மா, நான் மனுஷங்களுக்கே நடிப்பு சொல்லிக் குடுத்து அலுத்துப் போயிருக்கேன். மெஷினுக்கு நீதி போதனை வகுப்பு வேற நடத்தணுமா?"

அவள் மறுபடியும் ஆரம்பித்தாள். அவர் எழுந்து போய்விட்டார்.

முகம் சுளிக்கச் சொல்வது அவ்வளவு பெரிய காரியமா என்று தோன்றலாம். ஆனால் அதற்கு நேர் எதிரான ஒரு வழக்கம் சினிமாவில் இருக்கிறது. பிணமாக நடித்தவர், காட்சி முடிந்ததும் எழுந்து காமிராவைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்பையும் படம் பிடித்து முடித்த பிறகுதான் காமிராவை அணைப்பார்கள். இல்லையென்றால் சாவு படத்தோடு ஒட்டிக்கொள்ளும், தயாரிப்பாளருக்கு ஆகாது என்று ஒரு பயம். சந்திரனில் பாட்டு எடுத்துவிட்டு வந்த பிறகும் சினிமாக்காரர்கள் இதை விடவில்லை. தணிகைவேல் மேடைக்கு மேடை மூடநம்பிக்கையைக் கிண்டல் செய்கிறவர். கார் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்காமல் வண்டியை எடுக்க விடமாட்டார். ஆகவே கழுத்தை நெரித்து முடிந்ததும் பிணம் எழுந்து சிரித்தது. தளம் முழுவதும் கைதட்டி விசிலடித்தது. சொக்கன் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

பிணமாக நடித்தவள் லூர்து மேரி. ஐம்பதைத் தாண்டிய துணை நடிகை. நெரிபடும் பெண்களுடைய முகம் பின்னால் கம்ப்யூட்டரில் மாறிவிடும். உடம்பு மட்டும் இவளுடையது. ஆற்றில் மிதப்பது, ரயிலில் அடிபடுவது, தூக்கில் தொங்குவது எல்லாவற்றுக்கும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு அவள் கிடந்தால் ஈ உட்கார்ந்தாலும் அசையமாட்டாள். யூனிட்டில் அவளுக்குப் பெயர் பொணமேரி. அவள் முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார்கள். அவளும் "இன்னா கண்ணு?" என்று திரும்புவாள்.

அவள் சிரிப்பில் பொய் இருக்காது. எப்படி ஒவ்வொரு தடவையும் இப்படிச் சிரிக்கிறாய் என்று பர்ஹானா ஒரு நாள் கேட்டதற்கு, "செத்துப் பொழைக்கிறேன்ல பாப்பா, சிரிப்பு தானா வந்துடுது" என்றாளாம்.

கதாநாயகிக்கு இளநீரும் வில்லனுக்குப் பழச்சாறும் போகும் தளத்தில் பிணத்துக்குத் தண்ணீர் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. முதல் நாளே கழுத்துப் பட்டையின் இறுக்கத்தில் லூர்து மேரிக்குத் தொண்டை வறண்டுவிட்டது. கண்ணில் கிளிசரின் போட்டு, தாரைதாரையாகக் கண்ணீர் வழிய சோபாவில் உட்கார்ந்திருந்தாள். யாரைக் கேட்டாலும் எரிந்து விழுவார்கள். பக்கத்தில் நின்றது சொக்கன்தான். "ராசா, கொஞ்சம் தண்ணி கொண்டாறியா?" என்றாள். அது போய் ஒரு எவர்சில்வர் டம்ளரில் கொண்டுவந்தது. அவள் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். பிறகு அதன் முகத்தை நிமிர்ந்து பார்த்து, ஈரக் கண்ணோடு சிரித்து, கையைத் தொட்டு, "நல்லாயிரு" என்றாள்.

தளமே சிரித்தது. "அது ஏற்கெனவே நல்லாத்தான் இருக்கு மேரி. வாரண்டி முடியல" என்றார் தணிகைவேல்.

அன்றிலிருந்து அவள் அழ உட்கார்ந்தால் சொக்கன் முதலில் டம்ளரோடு வந்து நிற்கும். அவள் குடித்துச் சிரித்து வாழ்த்திவிட்டு, மறுபடி கிளிசரின் போட்டுக்கொண்டு அழ வேண்டும். அதற்குப் பிறகுதான் கொலை. நேரம் வீணாகிறது என்று தணிகைவேல் எகிறினார். டம்ளரை ஒளித்து வைக்கச் சொன்னார். சொக்கன் வேறு டம்ளர் தேடி எடுத்து வந்தது. "உலகத்துலயே டீ பாய் வேலை பாக்குற எமன் நம்ம படத்துலதான்யா" என்று தலையில் அடித்துக்கொண்டார். அடித்த வேகத்தில் தலையிலிருந்த டோப்பா லேசாக நகர்ந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் உடனே வேறு எங்கோ பார்த்தார்கள். தணிகைவேலுக்கு டோப்பா என்பது தமிழ்நாட்டுக்கே தெரிந்த ரகசியம். அது தெரியும் என்று காட்டிக்கொண்டவர்கள் அடுத்த படத்தில் இருக்கமாட்டார்கள்.

கடைசி நாள் வந்தது. கடைசிக் கொலையும் காலையிலேயே முடிந்தது. லூர்து மேரி எழுந்து சிரித்தாள். பட்டையை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, கூலிப் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, சொக்கனிடம் மட்டும் சொல்லிக்கொண்டு பஸ் ஏறிப் போனாள். பூசணிக்காய் உடைத்தார்கள். பர்ஹானா, சொக்கனைப் பழையபடி மாற்றுவதற்கான கருவியை எடுத்துவர அலுவலகம் போயிருந்தாள்.

அந்த நேரத்தில் அரசி போன் செய்தாள்.

அவளுடைய அம்மா தென்காசியில் இறந்து மூன்றாவது மாதம். மாதா மாதம் அந்தத் திதியில் படையல் போட்டு, நான்கு பேருக்கு இலை போடுவது அவர்கள் பக்கத்து வழக்கம். நான்கு பேருக்கு நான் எங்கே போவேன், நீங்கள் ஒருவராவது வந்து உட்கார்ந்தால் போதும் என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்தது.

"மூணு மாசமா அழுதுட்டிருக்க. என் படத்துல நடிக்கறவ கிளிசரின் போட்டுக்கூட இவ்வளவு அழல" என்றார் தணிகைவேல்.

மறுமுனையில் அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"எடிட்டிங் இருக்கு, என்னால வர முடியாது. வேணும்னா சொக்கனை அனுப்பறேன். இலை எடுக்கவாவது ஆகும்."

தனக்குப் பதிலாக ஒன்றை அனுப்பிவிட்ட திருப்தியோடு போனை வைத்தார். ஓட்டுநர் இல்லாத வாடகை வண்டி ஒன்று வந்தது. சொக்கன் ஏறி உட்கார்ந்தது. பின் சீட்டில் கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிற பெரிய மனிதரைப் போல அது போனது.

பர்ஹானா திரும்பி வந்தபோது தணிகைவேல் எடிட்டிங் அறையில் அதே காட்சியைத் திரையில் ஓடவிட்டுக்கொண்டிருந்தார். சோபாவில் அழுகிற பெண். நெருங்கி வரும் கைகள்.

"சொக்கன் எங்க சார்?"

"வீட்டுக்கு அனுப்பிட்டேன்."

அவள் உட்காரவில்லை. "வீட்ல யார் இருக்காங்க?"

"என் ஒய்ஃப். எப்பவும்போல அழுதுக்கிட்டு."

அவர் அதை நக்கலாகத்தான் சொன்னார். சொல்லி முடித்ததும் பர்ஹானாவின் முகத்தைப் பார்த்தார். அதன்பிறகு திரையைப் பார்த்தார். திரையில் லூர்து மேரி எழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சார், இத்தனை நாளா அது பார்த்தது என்ன? ஒரு அம்மா தனியா சோபால உக்காந்து அழறாங்க. இது போய் கழுத்தைப் பிடிக்குது. அவங்க கொஞ்ச நேரம் அசையாம கெடக்கறாங்க. அப்புறம் எழுந்து சந்தோஷமா சிரிக்கறாங்க. ஊரே கைதட்டுது." அவள் குரல் நிதானமாகத்தான் இருந்தது. அந்த நிதானம்தான் தாங்க முடியவில்லை. "அழறவங்களச் சிரிக்க வெக்க அதுதான் வழின்னு நெனச்சுக்கும் சார். கெட்டது செய்யறோம்னே அதுக்குத் தெரியாது. அக்கறையாத்தான் செய்யும்."

"நிறுத்துன்னு சொன்னா..."

"எடுக்கச் சொன்னீங்க."

"உங்க ஆபீஸ்லேர்ந்து அணைச்சிடு."

"தொடர்பத் துண்டிக்கச் சொன்னீங்க."

கழுத்துப் பட்டையைப் பற்றி அவர் கேட்கவில்லை. அது மேசை மேலேயே கிடந்தது.

போகிற வழியெல்லாம் அரசிக்குப் போன் செய்தார். அவள் எடுக்கவில்லை. எடுக்கும்படி அவர் எதுவும் பேசியிருக்கவில்லை. பர்ஹானா, பக்கத்து வீட்டில் யாரையாவது கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னாள். அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாது. அந்த வீட்டு நாய் குரைக்கிறது என்று போலீசில் புகார் கொடுத்தது மட்டும் நினைவிருந்தது. வாட்ச்மேன் எண் இருக்கிறதா என்று கேட்டாள். கேட்டு வைத்துக்கொள்ளும் அளவுக்கு அவர் எந்த வாட்ச்மேனையும் மதித்ததில்லை. ஆயிரம் பேர் எண்கள் கொண்ட அந்தப் போனில், அவர் மனைவியின் உயிருக்காக ஓடிப் போய்க் கதவைத் தட்டக்கூடிய ஒரு மனிதர் இல்லை.

வடபழனிப் பாலத்தில் வண்டிகள் அசையவில்லை. கோயில் கோபுரம் தெரிந்தது. தணிகைவேல் கைகூப்பப் பார்த்தார். படத்துக்குப் படம் பூசணிக்காய் உடைத்த கைக்கு, எதையும் உடைக்காமல் கும்பிடுவது எப்படி என்று தெரியவில்லை. கைகள் மடியிலேயே கிடந்தன.

"பர்ஹானா, அது வேற எதுவும் கத்துக்கலையா?" என்றார். அவள் பெயரை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

"தண்ணி குடுக்கறதக் கத்துக்கிட்டிருக்கு. லூர்து மேரியம்மா சிரிச்சாங்கல்ல. அதுவும் அழறவங்கள மாத்தற வழிதான். எத முதல்ல எடுக்கும்னு எனக்குத் தெரியல சார். அது ஒருத்தங்க சிரிப்பு. இது அத்தனை பேர் கைதட்டல்."

அடுக்குமாடி வாசலில் இறங்கி, லிப்டுக்குக் காத்திருக்காமல் படியில் ஏறினார். கடைசியாக எப்போது படியேறினார் என்று அவர் முட்டிகளுக்கே ஞாபகமில்லை. பர்ஹானா பின்னாலேயே வந்தாள். கதவு தாழ் போடாமல் இருந்தது. வரமாட்டேன் என்று சொன்னவருக்காக அரசி அதைத் திறந்துதான் வைத்திருந்தாள்.

கூடத்தில் அவளுடைய அம்மாவின் படம். முன்னால் வாழையிலையில் ஆறிப்போன சோறும் உளுந்த வடையும். சோபாவில் அரசி குனிந்து உட்கார்ந்து, சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். அவள் முன்னால் முக்காலியில் ஒரு எவர்சில்வர் டம்ளர். நிறையத் தண்ணீர். அவள் அதைத் தொடவே இல்லை.

சொக்கன் சோபாவின் பக்கவாட்டில் நின்றது. அதன் கைகள் மெல்ல மேலே எழுந்துகொண்டிருந்தன. திரையில் பார்த்த அதே உயரம், அதே வேகம். அவரே சொல்லிக் கொடுத்த வேகம்.

"நிறுத்து" என்று கத்தினார் தணிகைவேல். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தண்ணியக் குடிக்கச் சொல்லுங்க சார்" என்றாள் பர்ஹானா. "கையப் பிடிச்சு இழுத்தாலும், வேலை முடியாம நான் இந்தக் கருவியச் சொருகினாலும் கை எங்க இருக்கோ அங்கயே இறுகிடும். அவங்க முகம் மாறணும். அவ்வளவுதான்."

"அரசி, அந்தத் தண்ணியக் குடி. குடிடீ."

அரசி தலையை நிமிர்த்தினாள். அழுது வீங்கிய முகத்தில் கோபம் ஏறியது. "வந்ததும் வராததுமா என்ன அதிகாரம்? எனக்கு வேணாம்."

"சொல்றதக் கேளு. உன்ன யாரும் யோசிக்கச் சொல்லல."

"வேணாம்னா வேணாம். நான் உங்க படத்துல நடிக்க வரல."

விரல்கள் அவள் கழுத்துக்கு வந்துவிட்டன. மெத்தென்ற விரல்கள். பாத்திரம் துலக்கித் துணி மடித்த விரல்கள். அவள் அதை உணர்ந்து லேசாகத் திரும்பினாள். அழுகையின் மும்முரத்தில் அது என்ன என்று புரியவில்லை.

தணிகைவேலுக்கு அப்போதுதான் விளங்கியது. ஆயிரம் பேரை அதட்டி வேலை வாங்கத் தெரிந்த அவருக்கு ஒருத்தியைத் தண்ணீர் குடிக்க வைக்கத் தெரியவில்லை. எப்படிச் சொல்ல வேண்டும்? எப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறார்? யோசிக்க நேரமில்லாமல் மண்டியிட்டார். டம்ளரை இரண்டு கையாலும் எடுத்தார். பாதித் தண்ணீர் சட்டையில் சிந்தியது.

"அரசி..." என்றார். "கொஞ்சம் தண்ணி குடிம்மா."

அவள் அவரையே பார்த்தாள். அந்தக் குரலை அவள் கல்யாணமான புதிதில் கேட்டிருக்கலாம், அதுகூட நிச்சயமில்லை. என்னவோ ஆகிவிட்டது, யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். டம்ளரை வாங்கினாள். ஒரு வாய் குடித்தாள். குடித்துக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தவள், பார்வையைக் கொஞ்சம் மேலே உயர்த்தினாள்.

படியேறி ஓடிவந்ததில் டோப்பா பக்கவாட்டில் திரும்பி, அதன் கிருதா ஒன்று அவர் மூக்கின் மேல் தொங்கிக்கொண்டிருந்தது.

அரசிக்குப் புரையேறியது. தண்ணீரைத் துப்பாமல் அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. அம்மாவின் படத்துக்கு முன்னால், மூன்று மாதத்துக் கண்ணீரோடு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சொக்கன் கைகளைக் கீழே இறக்கியது. டம்ளரை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு, ஒரு வேலைக்காரனுக்கு உரிய தூரத்தில் போய் நின்றது. பர்ஹானா அதன் பின்னால் போய்க் கருவியைச் சொருகினாள்.

பிறகு எல்லாவற்றையும் அரசிக்குச் சொல்ல வேண்டியிருந்தது. பர்ஹானாதான் சொன்னாள். தணிகைவேல் தரையிலேயே உட்கார்ந்திருந்தார், டோப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு. அரசி கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"தண்ணிதான் முதல்ல கொண்டாந்துச்சு" என்றாள் கடைசியில். "ரொம்ப நேரம் கையில வெச்சுக்கிட்டே நின்னுச்சு. நான்தான் ஏறெடுத்துப் பார்க்கல."

பர்ஹானா கருவியின் திரையைப் படித்துக்கொண்டிருந்தாள். எதையோ திரும்பவும் சரிபார்த்தாள். ஏன் முதலில் தண்ணீர் என்று தணிகைவேல் கேட்டார். அத்தனை பேர் கைதட்டியதற்கு முன்னால் ஒரு கிழவியின் சிரிப்பு எப்படி ஜெயித்தது?

"கைதட்டல இது பெருசா கணக்குல எடுக்கவே இல்ல சார். கைதட்டினவங்க உங்களப் பார்த்துத் தட்டினாங்க. அந்தம்மா செத்து எழுந்து சிரிச்சப்பகூட காமிராவப் பார்த்துத்தான் சிரிச்சாங்க. அதுதானே உங்க வழக்கம். தண்ணி குடிச்சப்ப மட்டும்தான் இதோட முகத்தைப் பார்த்துச் சிரிச்சாங்க." அவள் திரையை அவரிடம் காட்டினாள். அவருக்கு அதில் எதுவும் புரியவில்லை. "இது வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து இதப் பார்த்துச் சிரிச்ச மனுஷங்க வேற யாருமே இதுல பதிவாகல சார். அவங்க ஒருத்தங்கதான்."

இனி என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. கழுத்தைப் பிடிக்கக் கற்றதை மட்டும் அழித்துவிட்டு, தண்ணீர் கொடுக்கக் கற்றதை விட்டுவிட முடியுமா என்று அரசி கேட்டாள். முடியாது என்றாள் பர்ஹானா. இரண்டும் அழுகிற முகத்தைப் பார்த்துக் கற்றவை. ஒரே வேரில் கிடக்கின்றன. எடுத்தால் இரண்டையும்தான் எடுக்க வேண்டும்.

இரண்டையும் எடுத்தார்கள்.

'வீட்டோடு எமன்' வெளிவந்து அமோகமாக ஓடியது. சோபாக் காட்சியில் திரையரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. மனிதனுக்கும் எந்திரத்துக்கும் நடக்கும் போரைத் தணிகைவேல் துணிச்சலாகச் சொல்லியிருக்கிறார் என்று எழுதினார்கள். அப்படி ஒரு போரைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் வீட்டு ரோபோவைச் சமையலறையில் வைத்துப் பூட்டினார்கள். பூட்டிவிட்டு வந்து பெற்ற தாயிடம் எரிந்து விழுந்தார்கள். காட்சியின் ஓரத்தில், முக்காலியின் மேல், அகற்ற மறந்த ஒரு எவர்சில்வர் டம்ளர் தெரியும். எடிட்டர் அதை அழித்துவிடவா என்று கேட்டபோது தணிகைவேல் வேண்டாம் என்றார். எழுத்துகள் ஓடும் இடத்தில் லூர்து மேரி என்ற பெயரும் முதல் தடவையாக இடம்பெற்றது. அதற்குள் ஜனங்கள் எழுந்துவிட்டார்கள்.

படம் வெளிவருவதற்கெல்லாம் முன்பே அடுத்த மாதத் திதி வந்தது. தணிகைவேல் வீட்டில் இருந்தார். இலையில் உட்கார்ந்து சாப்பிட்டார். சாப்பாட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை; குறை சொல்லாமல் இருந்ததே அந்த வீட்டில் புதுமைதான். இலை எடுத்த பிறகு அரசி அம்மாவின் படத்துக்கு எதிரே சோபாவில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன.

சொக்கன் மூலையில் நின்றது. அவளைப் பார்த்தது. அதற்கு எதுவும் தோன்றவில்லை. துடைத்து வைத்த சிலேட்டைப் போல நின்றது.

தணிகைவேலும் பார்த்தார். வாயில் வழக்கமான வார்த்தை ஒன்று வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு எழுந்தார். சமையலறையில் டம்ளர் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டு மூன்று கதவுகளைத் திறந்து மூடினார். ஏதோ ஒன்று உருண்டு விழுந்தது. கடைசியில் ஒரு டம்ளரைக் கண்டுபிடித்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து அவள் முன்னால் நின்றார்.

அரசி நிமிர்ந்தாள். முதலில் அவர் கைகளைப் பார்த்தாள். பிறகு கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"காமிரா எங்க?" என்றாள்.

"இல்லம்மா" என்றார் தணிகைவேல்.

அவள் நம்பவில்லை. ஆனாலும் கையை நீட்டி டம்ளரை வாங்கிக்கொண்டாள். அவள் குடித்து முடிக்கும்வரை, இன்னும் சிரிக்காத அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு, அவர் நின்றுகொண்டிருந்தார்.